வரையும் கைக்கும் கூலி உண்டு

நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்கேட்டைப் புரட்டினால், நூலுக்குத் தனித் தலைப்பு இருக்கும். சாயத்திற்கும் சரிகைக்கும் பாவு ஓட்டுவதற்கும் தனித்தனித் தலைப்புகள் இருக்கும். புதிய புட்டா ஒன்றைக் கட்டத் தாளில் வரைந்து தந்தவருக்குக் கொடுத்த தொகை எங்கே என்று தேடினால், அது "சில்லறைச் செலவு" என்னும் தலைப்பின் கீழே, தபால் தலைக்கும் தேநீருக்கும் நடுவில் அகப்படும். ஆய்வாளர் என்ற முறையில் பல சங்கங்களின் ஏடுகளைக் காணும் வாய்ப்பு நமக்கு உண்டு. இவ்வழக்கம் ஒரு சங்கத்திற்கோ ஒரு மாவட்டத்திற்கோ மட்டும் உரியதன்று. வாங்க வருகிறவர் சேலையைப் பிரித்து, முந்தானையைப் பார்த்து, கரையைப் பார்த்துத்தான் விலை கேட்கிறார். நூலின் எண்ணைக் கேட்டு வாங்குவோர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். விற்பனைக்குக் காரணமான வேலைக்கு மட்டும் நம் ஏட்டில் பெயர் இல்லை.

வரையும் கையைப் பற்றியே இக்கட்டுரை. ஓவியர், சிற்பி, பொம்மை செய்வோர், சித்திரப் பாய் முடைவோர், தறிக்கு மாதிரி வரைவோர் ஆகிய யாவரையும் அச்சொல்லில் அடக்குகிறோம். நெசவாளர் தெருவிலும் சரி, உழவர் தெருவிலும் சரி, பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் இத்தகைய பிள்ளை ஒன்று இருக்கும். "பையன் எந்நேரமும் படம் போட்டுக்கொண்டிருக்கிறான் ஐயா, இதனால் வயிறு நிறையுமா?" என்று பெற்றோர் நம்மிடம் கேட்பதுண்டு. படத்தை மட்டும் விற்று, வேறு வருவாய் இன்றி வாழ்ந்தவர் எந்த நாட்டிலும் சிலரே என்று சொல்லிவிடுவதுதான் நேர்மை. ஆனால் வரையும் கையோடு ஒரு கைத்தொழிலும், அதற்குப் பின்னே ஒரு சங்கமும் சேர்ந்தால் கதை வேறாகிறது. அது ஊகம் அன்று. நம் நாட்டிலேயே நடந்து காட்டப்பட்டது.

சென்னை எழும்பூரில் உள்ள அரசு கலைக் கல்லூரி, 1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. கைத்தொழிலைத் திருத்துவதே அப்பள்ளியின் தொடக்க காலத்து நோக்கங்களில் முதன்மையானது. பிற்காலத்தில் ஓவியமும் சிற்பமும் அங்கே தலையெடுத்தன. 1957 முதல் அதன் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர், தாமே பேர்பெற்ற ஓவியர். தம் மாணவர் படிப்பை முடித்துப் பட்டயத்தைக் கையில் வாங்கிய பிறகு என்ன ஆகிறார்கள் என்பதை அவர் கவனித்தார். அரசு வேலையோ விளம்பர நிறுவன வேலையோ கிடைத்தவர் தூரிகையை வைத்துவிட்டனர். கிடைக்காதவருக்கு வண்ணம் வாங்கவே பணமில்லை. படங்களை வாங்குவோர் அந்நாளில் சென்னையில் அரியர்.

அறுபதுகளின் தொடக்கத்தில் இந்த ஓவியர்கள் ஒன்றுகூடி, ஓவியர் கைவினைச் சங்கம் என்ற அமைப்பை ஏற்படுத்திக்கொண்டனர். அவர்கள் கையில் எடுத்த தொழில் பாத்திக். துணியில் மெழுகால் உருவம் எழுதி, சாயத்தில் தோய்த்து, பின் மெழுகை நீக்கி எடுப்பது அது. சாயத் தொட்டியை அறிந்த நம் உறுப்பினர்களுக்கு இதன் நுட்பத்தை விளக்க வேண்டுவதில்லை. ஓவியம் வாங்கத் தயங்கியவர்கள் பாத்திக் துணியைத் தயங்காமல் வாங்கினர். அவ்வாறு திரண்ட பணத்தைப் பங்கு போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தால், ஒவ்வொருவருக்கும் சில மாத வீட்டு வாடகை கிடைத்திருக்கும். அத்தோடு காரியம் முடிந்திருக்கும். அவர்கள் பிரித்துக்கொள்ளவில்லை. 1966-ஆம் ஆண்டில், சென்னைக்குத் தெற்கே மாமல்லபுரம் செல்லும் வழியில், ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினர். அன்று அது மணலும் சவுக்கும் நிறைந்த கடற்கரை. அதற்குச் சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று பெயரிட்டனர். சுல்தான் அலி, எஸ். ஜி. வாசுதேவ், பி. எஸ். நந்தன், சேனாதிபதி, பணிக்கரின் மகன் நந்தகோபால் போன்றோர் அக்கிராமத்தோடு தொடர்புடையவர்கள்.

அச்சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது என்பதைக் காட்டிலும் அதன் நடைமுறையே நமக்குப் பாடமாவது. பகலில் ஒரு பகுதி கைவினைக்கு. மீதிப் பொழுது அவரவர் ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும். பாத்திக்கோடு நில்லாமல், உலோகத் தகட்டு வேலை, மட்பாண்டம், மர வேலை என்று பலவற்றையும் செய்தனர். விற்பனைக்குப் பொதுவான நிலையம் ஒன்று அமைத்தனர். விற்ற விலையில் 100-க்கு 20 பங்கு கிராமத்தின் பராமரிப்புக்குச் சேரும், மீதி செய்தவருக்கு. தனியார் ஓவியக் கூடங்கள் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கழித்துக்கொள்வதோடு இதை ஒப்பிட்டால், உறுப்பினர் பெற்ற நன்மை விளங்கும். கமிஷன் மண்டிக்கும் சங்க ஏலத்திற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த உழவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. மண்டிக்காரருக்குக் கொடுக்கும் கழிவு திரும்பி வருவதில்லை. சங்கத்திற்குக் கொடுத்த கழிவு கூரையாகவும் கிணறாகவும் நிற்கிறது.

பணிக்கர் 1977-இல் மறைந்தார். நிறுவியவர் மறைந்ததும் சாயும் சங்கங்கள் எத்தனையோ நாம் பார்த்தவை. சோழமண்டலம் சாயவில்லை. 2009-இல் அங்கே சென்னை இயக்க ஓவியங்களுக்கென ஓர் அருங்காட்சியகமும் எழுந்தது. நிலம் பொதுநோக்கில் வாங்கப்பட்டதும், கழிவுத் தொகை ஆண்டுதோறும் பொதுக் கணக்கில் சேர்ந்ததும் அதற்குக் காரணம் என்பது நம் கருத்து. கலைஞருக்குக் கணக்கு வராது என்று ஒரு பேச்சு உண்டு. இங்கே வந்திருக்கிறது.

நிற்க. எல்லோரும் நிலம் வாங்கிக் கிராமம் அமைக்க இயலாது. மாதச் சம்பளம் கொடுத்து வரையச் சொன்ன இடம் ஒன்று உண்டா எனில், உண்டு. அது நெசவாளருக்கென்றே ஏற்பட்ட இடம் என்பது நம் உறுப்பினர் பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

1952-இல் அகில இந்தியக் கைத்தறி வாரியம் அமைந்தது. ஆலைத் துணியோடு விலையில் போட்டியிட்டுக் கைத்தறி வெல்ல முடியாது. வேலைப்பாட்டில்தான் வெல்ல முடியும் என்று அதன் பொறுப்பாளர்கள் கண்டனர். புபுல் ஜெயகரின் முயற்சியால் 1956 முதல் நெசவாளர் சேவை மையங்கள் தோன்றின. அவற்றில் சாயம் தோய்ப்பவரையும் தறி அறிந்தவரையும் வைத்ததோடு, ஓவியர்களையும் சம்பளத்திற்கு அமர்த்தினர். கலைப் பள்ளியிலிருந்து வெளிவந்து வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர்கள் அங்கே சேர்ந்தனர். கே. ஜி. சுப்பிரமணியன் 1959 முதல் 1961 வரை பம்பாயில் வாரியத்தின் மாதிரி வரையும் பிரிவில் பொறுப்பு வகித்தார். பிரபாகர் பர்வே வாரணாசி மையத்தில் இருந்தார். அர்பிதா சிங் டெல்லி மையத்தில் பணியாற்றினார். சென்னையில் ரெட்டப்ப நாயுடு இருந்தார். வங்கத்திலிருந்து வந்த ஜோகன் சௌத்ரி 1968 முதல் 1972 வரை சென்னையில் கைத்தறிக்கு மாதிரி வரைந்தார். இவர்கள் யாவரும் பிற்காலத்தில் இந்திய ஓவியத்தில் பெரும்பெயர் எய்தியவர்கள். இளமையில் அவர்களுக்குச் சோறு போட்டது தறி.

இதில் நெசவாளர் பெற்றது என்ன என்று கேட்கலாம். பழைய கோயில் துணிகளையும் பாட்டிமார் பெட்டியிலிருந்த சேலைகளையும் திரட்டி, அவற்றின் புட்டாக்களைத் தாளில் ஏற்றி, புதிய நிறக் கலவைகளோடு தறிக்குத் திருப்பித் தந்தது இம்மையங்களின் வேலை. ஓவியருக்கும் பயன் இருந்தது. எந்தக் கோடு பாவிலும் ஊடையிலும் நிற்கும், எந்த வளைவு தறியில் படிக்கட்டாக உடையும் என்பதை நெசவாளர் அருகில் உட்கார்ந்துதான் அறிய முடியும். தாளில் அழகாக இருப்பதெல்லாம் துணியில் அழகாக இராது என்னும் கண்டிப்பான பள்ளி அது.

இன்றும் தமிழ்நாட்டில் சென்னை, காஞ்சிபுரம், சேலம் ஆகிய மூன்று இடங்களில் இம்மையங்கள் உள்ளன. மாதிரிகள் கேட்டுப் பெறலாம். சாயப் பயிற்சிக்கும் வரையும் பயிற்சிக்கும் உறுப்பினரின் பிள்ளைகளை அனுப்பலாம். "கடைசியாக எப்போது சேவை மையத்திற்குப் போனீர்கள்?" என்று நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் செயலாளரிடம் கேட்பது வழக்கம். பலர் விட்டத்தைப் பார்க்கின்றனர். சென்ற தீபாவளிக்கு எந்தக் கரை விற்றதோ அதையே இத்தீபாவளிக்கும் நெய்வது பாதுகாப்பு என்பது அவர்கள் எண்ணம். பண்டகசாலையில் தேங்கிக் கிடக்கும் கட்டுகள் அந்தப் பாதுகாப்பின் அளவைக் காட்டும்.

அரசு வாரியம் செய்ததை ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் சொந்தக் காலில் நின்று செய்ய முடியுமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு விடை தேடுவோர் கனடாவின் வடகோடிக்குச் செல்ல வேண்டும். பாஃபின் தீவின் தென்கரையில் கிங்கைட் என்றோர் ஊர் இருக்கிறது. 2020 வரை கேப் டோர்செட் என்று வழங்கியது. மரமே முளைக்காத பனி நிலம் அது. வேட்டையாடி வாழ்ந்த இனுயிட் மக்களின் ஊர். வேட்டையும் தோல் வாணிகமும் நலிந்த காலத்தில், 1959-இல், அம்மக்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தனர். ஜேம்ஸ் ஹூஸ்டன் என்னும் ஓவியர் ஜப்பானுக்குச் சென்று கற்றுவந்த அச்சுக் கலையை அவர்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்.

அச்சங்கத்தின் முறை எளியது. ஊரில் யார் வேண்டுமானாலும் தாளில் வரைந்து கொண்டுவரலாம். சங்கம் அதைப் பார்த்து, பிடித்திருந்தால் அப்போதே பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும். விற்ற பிறகு தருகிறோம் என்ற பேச்சு இல்லை. அவ்வாறு வாங்கியவற்றில் சிலவற்றைத் தேர்ந்து, கல்லில் செதுக்கி, ஒவ்வொன்றிலும் 50 படிகள் அச்சிட்டு, ஆண்டுக்கொருமுறை தொகுப்பாக வெளியிடும். வரைந்தவர் பெயரும், கல்லில் செதுக்கி அச்சிட்டவர் பெயரும் படியில் இருக்கும். கெனோஜுவாக் அஷேவாக் என்னும் பெண்மணி வரைந்த ஆந்தைப் படம் 1960-ஆம் ஆண்டுத் தொகுப்பில் வந்தது. பத்தாண்டுக்குப் பின் கனடா அரசு அதைத் தபால் தலையாக வெளியிட்டது. அதே சங்கம் ஊருக்கு மளிகைக் கடையும் நடத்துகிறது. அரிசியும் எண்ணெயும் விற்கும் சங்கம் சித்திரமும் விற்பதில் இழுக்கு ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

கொண்டுவந்தவுடன் பணம் என்பதுதான் இம்முறையின் உயிர் என்று கருதுகிறோம். விற்காத படத்தின் நட்டத்தை வரைந்தவர் தனியே சுமப்பதில்லை. சங்கம் முழுதும் சுமக்கிறது. நம் நெசவாளர் சங்கத்தில் சேலை விற்றாலும் விற்காவிட்டாலும் நெய்தவருக்குக் கூலி கொடுக்கிறோம் அல்லவா? அதே நியாயம் வரைந்தவருக்கும் பொருந்தும்.

இனி, நம் உறுப்பினர் பெரிதும் ஏமாறும் பகுதிக்கு வருகிறோம். நாம் சென்றிருந்த ஓர் ஊரில் இளைஞர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். சேலைக் கரை ஒன்றை அவர் வரைந்திருக்கிறார். வெளியூர் வியாபாரி ஒருவர் வாய்மொழியாகப் பேசி, 1,500 ரூபாய் கொடுத்து வாங்கிச் சென்றார். இரண்டு பருவத்திற்குள் அக்கரை விசைத்தறிகளில் ஊர் ஊராக ஓடிற்று. "நான் வரைந்தது என்பதற்குத் தெருவே சாட்சி சொல்லும் ஐயா" என்றார். "தெரு வரும் தம்பி; தாள் வருமா?" என்று கேட்டோம். தாள் இல்லை. தேதியிட்ட மூலப்படம்கூட இல்லை; அதையும் வியாபாரி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவருக்குச் சட்டம் உதவியிருக்காதா என்றால், சட்டம் நன்றாகவே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்த மாத்திரத்தில் வரைந்தவருக்கு உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தாக வேண்டும் என்பதில்லை. அவ்வுரிமை அவர் ஆயுள் முழுதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நிற்கும். பிறருக்கு மாற்றித் தருவதானால் எழுத்து மூலம், கையொப்பத்தோடு தர வேண்டும். காலம் குறிப்பிடாத பத்திரமானால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே எல்லை கட்டுகிறது. வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், வேறு வகையாக எழுதியிருந்தாலன்றி, உரிமை வரைந்தவருக்கே திரும்பும். இவ்வளவு இருந்தும் வாய்ப்பேச்சு நம்மைக் கெடுக்கிறது.

இச்சட்டத்தில் இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, பணம் கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியம் அல்லது உருவப்படம். வேறு ஒப்பந்தம் இல்லையேல், அதன் முதல் உரிமை வரையச் சொன்னவருக்கே போகும். சம்பளத்திற்கு இருந்து வரைந்ததும் அவ்வாறே முதலாளிக்குப் போகும். ஆதலால், "ஓவியத்தை மட்டும் விற்கிறேன், நாட்காட்டியிலோ துணியிலோ அச்சிடும் உரிமை என்னிடமே இருக்கும்" என்று ஒரு வரி முன்னதாக எழுதி இருவரும் கையொப்பமிடுவது நல்லது. தஞ்சாவூர் ஓவியம் செய்வோருக்கு இந்த ஒரு வரி மிகப் பெரிது. ஒரு படம் ஒருவர் பூசையறைக்குப் போகிறது. அதன் அச்சு ஆயிரம் கடைகளுக்குப் போகலாம்.

மற்றொன்று தறிக்காரருக்கு உரியது. பதிவு செய்யத்தக்க மாதிரி ஒன்றைப் பதிவு செய்யாமல், உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 முறைக்கு மேல் பொருளில் ஏற்றிவிட்டால், அதன் பதிப்புரிமை அற்றுப்போகிறது. கைத்தறி நெசவு "தொழில்முறை" ஆகுமா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். வாதாடும் காசு நெசவாளரிடம் இராது. ஐம்பத்தோராவது சேலை தறியிலிருந்து இறங்குமுன் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிந்துகொள்வதே வழி. பதிவு முதலில் 10 ஆண்டு. பின்பு 5 ஆண்டு நீட்டிக்கலாம்.

மயிலும் அன்னமும் யாளியும் உருத்திராட்சமும் மாங்காயும் ஒருவர் சொத்தல்ல. அவற்றை எவரும் தம் பெயரில் பதிய முடியாது. அவற்றை ஓர் ஊர் கையாளும் விதத்தைக் காப்பதற்குப் புவிசார் குறியீடு என்னும் வேறு சட்டம் இருக்கிறது. 1999-இல் இயற்றி 2003-இல் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிப் பட்டும், பவானி ஜமக்காளமும், மதுரைச் சுங்குடியும், தஞ்சாவூர் ஓவியமும், பத்தமடைப் பாயும் இக்குறியீடு பெற்றவை. எங்கள் ஊருக்குக் குறியீடு வந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்து அதோடு இருந்துவிடுகின்றனர். ஊருக்கு வந்தது உறுப்பினருக்கு வந்ததாகாது. அனுமதி பெற்ற பயனாளர் என்று தனியே விண்ணப்பித்துப் பதிவு செய்தவரே சட்டத்தின் முழுப் பயனையும் கோர முடியும். இதைச் சங்கமே தன் உறுப்பினர் அனைவருக்கும் எழுதி முடித்துக் கொடுக்கலாம். ஒரு செயலாளருக்குச் சில நாள் வேலை.

ஓவியருக்கு இன்னும் ஒன்று சொல்லிவிட்டு மேலே செல்வோம். விற்றுவிட்ட மூல ஓவியமோ சிற்பமோ பின்னொரு நாள் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆகுமானால், உரிமையின் முதல் உடையவராக இருந்த கலைஞரோ அவர் வாரிசோ விலையில் ஒரு பங்கு கேட்க நம் சட்டத்தில் இடமிருக்கிறது. அப்பங்கு 100-க்கு 10-க்கு மேற்படாது. யாருக்கு, எந்தத் தேதியில், என்ன விலைக்கு விற்றோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்காதவருக்கு இந்த இடம் இருந்தும் இல்லை.

விலை வைப்பதில் கைவினைஞர் செய்யும் பிழை நெசவாளர் வீட்டில் நாம் அறிந்த பிழையே. தார் சுற்றுவதும் பாவு புணைப்பதும் வீட்டுப் பெண்கள் வேலை என்பதால் அதற்குக் கூலி எழுதுவதில்லை. தஞ்சாவூர் ஓவியம் செய்கிறவர் பலகைக்கு இவ்வளவு, தங்க ரேக்குக்கு இவ்வளவு, கல்லுக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்கியதையெல்லாம் பைசா பிசகாமல் கூட்டுவார். மக்கு வைத்துக் காயவிட்ட நாளும், ரேக்கு ஒட்டிய நாளும், முகம் எழுதிய இரவும் கணக்கில் வாரா. கடைசியில் "போனால் போகட்டும்" என்று ஒரு தொகையைச் சேர்ப்பார். பத்து நாள் வேலைக்கு அந்தத் தொகையை வகுத்துப் பார்த்தால், பக்கத்துத் தெருவில் சித்தாள் வாங்கும் கூலிக்குக் குறைவாக இருக்கும்.

ஆகவே, கைவினைஞர் சங்கங்களுக்கு நாம் சொல்லிவருவது இது. ஒரு பொருளுக்குச் சென்ற நாட்களை எழுதுக. அவ்வேலைக்கு ஊரில் தேர்ந்த கொத்தனாருக்குக் கொடுக்கும் நாட்கூலியையாவது போடுக. கெட்டுப்போன உருப்படிக்கும், விற்காமல் நிற்கும் உருப்படிக்கும் ஒரு பங்கு சேர்க்க. விற்பனைக் கழிவை அதன் மேல் வைக்க. கழிவை உள்ளே அடக்கி விலை வைத்துவிட்டு, பிறகு கடைக்காரர் கழிக்கும்போது அழுவது வழக்கமாக இருக்கிறது. கடையில் ஒப்படைத்துவிட்டு வரும் பொருளுக்கு ஒரு சீட்டுக் கட்டாயம் வேண்டும். எத்தனை உருப்படி, என்ன விலை, எத்தனை நாளில் விற்றுத் தருவது, உடைந்தால் யார் பொறுப்பு என்பவை அதில் இருக்க வேண்டும். நெல் மூட்டையைக் கிடங்கில் வைத்தால் ரசீது வாங்காமல் வீடு திரும்பும் உழவர் இல்லை. படத்திற்கு மட்டும் ஏன் கூச்சம்?

படிக்க விரும்பும் பிள்ளைகளுக்குச் சில இடங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. மரபுச் சிற்பமும் கோயிற் கட்டடமும் பயில மாமல்லபுரம். தறியும் சாயமும் கருவியும் முறையாகக் கற்கச் சேலத்திலுள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம்; அது 1960-இல் ஏற்பட்டது. வரையும் பிள்ளைக்கு இவற்றுள் சேலமே முதலில் நினைவுக்கு வர வேண்டும் என்பது நம் தனிக் கருத்து. வரையவும் தெரிந்து தறியும் தெரிந்தவரைச் சங்கங்களும் ஏற்றுமதியாளரும் தேடித் திரிகின்றனர். படித்து முடித்த ஓவியர்க்குச் சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதமியின் மண்டல மையத்தில் பணிக்கூடங்கள் உண்டு. அச்சுப் பொறியும் சூளையும் சொந்தமாக வாங்க இயலாதவர்க்கு அது பேருதவி.

கைவினைஞர் என்ற அடையாள அட்டை இல்லாமல் மத்திய அரசின் கண்காட்சிகளில் இடம் கிடைப்பது கடினம். அட்டை பெற மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பிரிவு அலுவலகத்தை அணுக வேண்டும். 1973-இல் ஏற்பட்ட தமிழ்நாடு கைத்தொழில் வளர்ச்சிக் கழகம் பூம்புகார் என்ற பெயரில் விற்பனை நிலையங்களை நடத்துவதை அனைவரும் அறிவர். சுவாமிமலை, மாமல்லபுரம் போன்ற ஊர்களில் அதற்கு உற்பத்தி நிலையங்களும் உள்ளன. கடனுதவியைப் பொறுத்த மட்டில், 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசு கைவினைஞருக்கென 25 தொழில்களைக் கொண்ட திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. 3 இலட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 100-க்கு 25 வீதம் 50,000 ரூபாய்க்கு மேற்படாத மானியமும் அத்திட்டத்தில் வகுக்கப்பட்டன. விதிகள் அவ்வப்போது மாறுவதால் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டபின் மனு எழுதுக. இடைத்தரகர் எவருக்கும் இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பத்தமடையைப் பற்றி ஒரு சொல். தாமிரபரணிப் பக்கத்துக் கோரையை மெல்லிதாகக் கீறி, பட்டுப்போல் மடியும் பாயாக நெய்யும் ஊர் அது. மணமக்கள் பெயர் எழுதிய கல்யாணப் பாய் அங்கே நெய்யப்படுகிறது. விளைவிப்பவர், கீறுபவர், சாயம் ஏற்றுபவர், நெய்பவர் என்று நால்வர் கை அதில் இருக்கிறது. பெயரும் பூவும் எவ்விடத்தில் அமைய வேண்டும் என்று முதலில் மனத்தில் வரைந்தவர் கை ஐந்தாவது. பல பாய்களில் நெய்பவரே அந்த ஐந்தாவது ஆள். ஆனாலும் கூலி நெய்ததற்கு மட்டும். உழவரும் கைவினைஞரும் ஒரே சங்கத்தில் அமர்ந்து பேசினால், கோரையின் விலையும் சித்திரத்தின் விலையும் ஒரே தாளில் எழுதப்படும். அவ்வாறு எழுதிய தாளை இதுவரை நாம் எங்கும் கண்டதில்லை.

வரும் பொதுப் பேரவைக் கூட்டங்களில் நம் சங்கங்கள் எடுத்துக்கொள்ளத்தக்க காரியங்கள் இரண்டு உள்ளன. "மாதிரி வரைதல்" என்று கணக்கில் தனித் தலைப்பு ஏற்படுத்துவது ஒன்று. நிர்வாகக் குழுவின் தீர்மானத்தாலேயே ஆகக்கூடிய சிறு காரியம் இது. அதன் கீழ் வரைந்தவர் பெயர், தேதி, கொடுத்த தொகை, மூலப்படம் வைத்திருக்கும் கோப்பு எண் ஆகியவை பதிவாக வேண்டும். ஒரு மாதிரியில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் சேலை விற்றால், வரைந்தவருக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று மேற்கூலி தருவது மற்றொன்று. தொகை சிறிதாயினும் சரி. விற்கும் கரை எது என்று கண்டு, அதை மேலும் நன்றாக வரைய அவருக்கு அதைவிட நல்ல தூண்டுதல் இல்லை. துணைவிதியில் இடமிருக்கிறதா என்று ஐயம் எழுந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கேட்கலாம்.

இவ்வாண்டுப் பண்டிகைக்குப் புதிய மாதிரி வைத்திருக்கும் சங்கங்கள் ஒன்றை உடனே கவனிக்க வேண்டும். வடிவமைப்புப் பதிவுக்கு மாதிரி புதிதாக இருத்தல் வேண்டும். முன்பு எங்கும் வெளியாகியிருத்தல் கூடாது. விண்ணப்பம் அனுப்பும் முன்பே கண்காட்சியில் சேலையைத் தொங்கவிட்டாலும், படம் பிடித்து வாடிக்கையாளருக்கு அனுப்பினாலும், அது வெளியானதாகக் கொள்ளப்பட்டுப் பதிவு மறுக்கப்படலாம். அரசு அறிவிக்கையில் கண்ட கண்காட்சிகளுக்கு விதிவிலக்கு உண்டு. அதற்கும் முன்னதாகவே அறிவிப்புத் தந்திருக்க வேண்டும். சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பத்தைச் சேர்ப்பித்து, எண்ணைப் பெற்றுக்கொண்ட பிறகு சேலையைப் பெட்டியிலிருந்து எடுக்கலாம்.